நாடற்றோரின் தூதர் நான்சன்

ஓர் அரசு மற்றோர் அரசினிடம் பேச வேண்டுமாயின் அதற்குத் தூதர் உண்டு. தூதருக்கு மாளிகை உண்டு, கொடி உண்டு, அவர் கொண்டு செல்லும் ஓலைக்கு மதிப்பும் உண்டு. ஆனால் எந்த அரசும் தன் குடி என்று ஒப்புக்கொள்ளாத மனிதனுக்காக யார் தூது போவார்? அவனுடைய பசியையும் குளிரையும் எந்தச் சபையில் யார் எடுத்துரைப்பார்? முதலாம் உலகப் போர் முடிந்த காலத்தில் இவ்வாறு திகைத்து நின்றவர்கள் பல இலட்சம் பேர். அவர்களுக்காகத் தூது போன ஒருவரின் வரலாற்றை நம் வாசகர்களுக்கு இங்கே கூற விழைகின்றோம். அவர் நார்வே நாட்டினர். பிரித்யோஃப் நான்சன் என்பது அவர் பெயர்.

ஒரு காகிதத்தின் அருமை அது கையில் இல்லாதவனுக்கே தெரியும். தாம் இன்னார் என்று காட்ட ஒரு சான்றிதழ் வேண்டி அலுவலக வாசலில் நாட்கணக்கில் காத்திருந்த அனுபவம் நம்முள் பலருக்கு உண்டு. அத்தகையோருக்கு இவ்வரலாறு அயல்நாட்டுக் கதையாகத் தோன்றாது என்பது நம் துணிபு.

இளமையும் பனிநிலப் பயணங்களும்

நான்சன் 1861-ஆம் ஆண்டு அக்டோபர் 10-ஆம் நாள், இன்று ஆஸ்லோ என வழங்கும் கிறிஸ்தியானியா நகரை அடுத்த ஒரு பண்ணை வீட்டில் பிறந்தார். தந்தையார் வழக்கறிஞர்; கண்டிப்பு மிக்கவர். சிறுவயது முதலே நான்சனுக்குக் காடும் மலையும் பனிச்சறுக்கும் பழகிப்போயின. பல்கலைக்கழகத்தில் விலங்கியல் பயின்றார். 1882-ஆம் ஆண்டில் கடல்நாய் வேட்டைக் கப்பலொன்றில் வடதுருவக் கடலுக்குச் சென்று வந்த அவர், அவ்வாண்டிலேயே பெர்கன் நகர அருங்காட்சியகத்தில் பணியேற்றார். அங்கே நுண்ணோக்கியின் முன் அமர்ந்து, சிற்றுயிர்களின் நரம்பு மண்டலத்தைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து டாக்டர் பட்டம் பெற்றார். அவ்வழியே சென்றிருந்தால் அமைதியான அறிஞராக அவர் வாழ்நாள் கழிந்திருக்கும்.

ஆனால், பட்டம் பெற்ற 1888-ஆம் ஆண்டிலேயே, ஐந்து துணைவருடன் கிரீன்லாந்தின் உட்பகுதியைப் பனிச்சறுக்குக் கட்டைகளால் கடக்கப் புறப்பட்டார். அதுவரை எவரும் அதைக் கடந்ததில்லை. முன்னர் முயன்றோர், குடியிருப்புகள் உள்ள மேற்குக் கரையிலிருந்து தொடங்கி, இடர் வந்தபோது திரும்பினர். நான்சனோ ஆளற்ற கிழக்குக் கரையில் இறங்கி மேற்கு நோக்கி நடந்தார். பின்னால் திரும்பினால் உணவும் இல்லை, உறைவிடமும் இல்லை. உயிர் பிழைக்க முன்னேறுவது ஒன்றே வழி. இது வீண்துணிவு என்று பலர் நகைத்தனர். ஆனால் அறுவரும் உயிருடன் மேற்குக் கரையை அடைந்தனர். அக்டோபர் 3-ஆம் நாள் காட்தாப் என்னும் ஊருக்குள் நான்சன் நுழைந்தார். அக்குளிர்காலத்தை இனுயிட் மக்களிடையே கழித்து, அவர்தம் படகோட்டும் முறையையும் வாழ்க்கை முறையையும் கற்றுக்கொண்டார்.

அடுத்த பயணம் இன்னும் பெரிது. சைபீரியக் கரைக்கு வடக்கே 1881-இல் மூழ்கிய ஒரு கப்பலின் சிதைவுகள் மூன்றாண்டுகளுக்குப் பின் கிரீன்லாந்தின் கரையில் கண்டெடுக்கப்பட்டன. துருவக் கடலின் பனிப்பரப்பு மெல்ல நகர்கின்றது என்று இதனால் உய்த்துணர்ந்தார் நான்சன். பனியால் நசுங்காமல் மேலெழும்படி அடிப்பாகம் உருண்ட கப்பல் ஒன்றைக் கட்டுவித்தார். அதன் பெயர் பிராம். முன்னே என்பது அதன் பொருள். 1893-இல் பதின்மூவர் அதில் சென்று, தாமே விரும்பிப் பனியில் சிறைப்பட்டனர். 1895-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் நான்சனும் யோஹான்சன் என்பவரும் கப்பலை விட்டிறங்கி, நாய்வண்டிகளுடன் வடதுருவத்தை நோக்கி நடந்தனர். ஏப்ரல் மாதத்தில் வடக்கு அட்சரேகை 86 பாகை 14 கலை வரை எட்டினர். மனிதர் அதுவரை அடைந்த எல்லைகளுள் அதுவே வடகோடி.

அங்கிருந்து திரும்பிய வழி மிகக் கொடியது. கல்லையும் தோலையும் கொண்டு அமைத்த குடிலில், கரடி இறைச்சியை உண்டு, எட்டு மாதங்களுக்கு மேல் இருவரும் இருளிலும் குளிரிலும் கிடந்தனர். 1896-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், பிரான்சு யோசப் தீவுக்கூட்டத்தில், ஜாக்சன் என்னும் ஆங்கிலேய ஆராய்ச்சியாளரைத் தற்செயலாகச் சந்தித்து உயிர் மீண்டனர். பிராம் கப்பலும் பழுதின்றித் திரும்பியது. பதின்மூவருள் ஒருவரும் இறந்திலர்.

பசி என்றால் என்ன, குளிர் என்றால் என்ன, யாரும் வந்து காணாத இடத்தில் கிடப்பது என்றால் என்ன என்பதை இப்பெரியார் நூலில் படித்து அறியவில்லை என்பதை வாசகர்கள் மனத்திற்கொள்ள வேண்டுகின்றோம்.

தாய்நாட்டின் தூதர்

அக்காலத்தில் நார்வே, சுவீடன் மன்னரின் ஆட்சியின்கீழ் அந்நாட்டோடு இணைந்திருந்தது. 1905-ஆம் ஆண்டில் அவ்விணைப்பு அறுந்தபோது, போர் மூளுமோ என்று இரு நாட்டாரும் அஞ்சினர். நான்சன் தம் நாட்டின் நியாயத்தை அயல்நாட்டு ஏடுகளில் எழுதி விளக்கினார். டென்மார்க்கு இளவரசர் கார்லைச் சந்தித்து, நார்வேயின் அரியணையை ஏற்க அவரை இசைவித்தார். ஒரு துப்பாக்கியும் வெடிக்காமல் ஒரு நாடு விடுதலை அடைந்தது. புதிய அரசு 1906-இல் அவரை இலண்டனுக்குத் தன் முதல் தூதராக அனுப்பியது. நார்வேயின் எல்லைகளுக்கு வல்லரசுகள் உறுதியளிக்கும் உடன்படிக்கை 1907-ஆம் ஆண்டு நவம்பரில் கையெழுத்தாயிற்று.

வந்த காரியம் முடிந்தது. வீடு திரும்பலாம் என்று அவர் எண்ணியிருந்த வேளையில், மனைவியார் ஏவா நோயுற்றார் என்ற செய்தி வந்தது. விரைந்து புறப்பட்டார். அவர் வீடு சேருமுன், டிசம்பர் மாதத்தில், அம்மையார் இறந்துபோனார். வீட்டில் ஐந்து குழந்தைகள் இருந்தனர். துருவத்தின் இருளில் கலங்காத மனிதர் இத்துயரில் நெடுநாள் ஒடுங்கிக் கிடந்தார். பின்னர்ப் பல்கலைக்கழகத்தில் கடலியல் பேராசிரியராகி ஆராய்ச்சியில் மூழ்கினார்.

உலகப் போர் அவரை மீண்டும் வெளியே இழுத்தது. நார்வே தன் தானியத்தில் பெரும்பகுதியை அயல்நாடுகளிலிருந்து வாங்கி உண்ணும் நாடு. 1917-இல் அமெரிக்கா போரில் இறங்கி, ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியபோது நார்வேயில் உணவு முடை தோன்றியது. நான்சன் வாஷிங்டன் சென்று பல மாதங்கள் பேச்சு நடத்தினார். இறுதியில் உடன்பாடு உருவாயிற்று. ஆனால் அவருடைய அரசே முடிவெடுக்கத் தயங்கியது. மக்கள் பசித்திருக்கையில் தந்திக்குக் காத்திருப்பதோ என்று கருதிய அவர், தம் பொறுப்பிலேயே 1918-இல் கையெழுத்திட்டார். தூதர் செய்யக்கூடாத செயல் என்று விதிநூல் வல்லார் கூறலாம். அவ்வாண்டு நார்வே மக்களுக்கு உணவு கிடைத்தது என்பதை நாம் கூறுகின்றோம்.

கைதிகள் வீடு திரும்பிய கதை

போர் முடிந்து ஓராண்டுக்கு மேலாகியும் ஏறத்தாழ ஐந்து இலட்சம் போர்க்கைதிகள் தாய்நாடு திரும்ப இயலாது பல இடங்களில் தவித்துக் கொண்டிருந்தனர். அவர்களுள் மிகப் பலர் ருசிய நாட்டின் முகாம்களில், சைபீரியா வரையிலும் சிதறிக் கிடந்தனர். அவர்களை அனுப்பிய பேரரசுகள் சில, உலகப்படத்திலிருந்தே மறைந்துவிட்டன. 1920-ஆம் ஆண்டு ஏப்ரலில், புதிதாகத் தோன்றிய சர்வதேச சங்கம் இவர்களை மீட்கும் பொறுப்பை நான்சனிடம் ஒப்புவித்தது.

சோவியத் அரசு அச்சங்கத்தை ஏற்கவில்லை. சங்கத்து நாடுகள் பலவும் சோவியத் அரசை ஏற்கவில்லை. ஆயினும் நான்சன் என்னும் மனிதரோடு பேச மாஸ்கோ இசைந்தது. கைதிகளை ரயிலில் பால்டிக் கரைக்குக் கொண்டு வந்து விடுவதென்றும், அங்கிருந்து கப்பலில் ஏற்றிச் செல்வதென்றும் ஏற்பாடாயிற்று. வரும் கப்பல்களே, ருசியா திரும்ப வேண்டிய கைதிகளையும் ஏற்றி வந்தன. கையில் இருந்த பணம் குறைவு, கப்பல்களும் குறைவு. 1922-ஆம் ஆண்டில் பணி நிறைவுற்றபோது, வீடு திரும்பியோர் 4,27,886 பேர். ஒவ்வொருவருக்கும் காத்திருந்த ஒரு தாயோ மனைவியோ மகவோ உண்டென்று எண்ணிப் பார்ப்போமாயின், அத்தொகையின் பொருள் விளங்கும்.

வோல்காப் பஞ்சமும் ஜினீவா சபையும்

1921-ஆம் ஆண்டுக் கோடையில் ருசியாவின் வோல்கா ஆற்றுப் பகுதியில் பெரும்பஞ்சம் தோன்றியது. உலகப் போர், அதன்பின் உள்நாட்டுப் போர், உழவரிடமிருந்து தானியத்தை வலிந்து பறித்த அரசின் கொள்கை, இவற்றின் மேல் மழையும் பொய்த்தது. இரண்டு கோடிக்கு மேற்பட்ட மக்கள் பட்டினிக்கு ஆளாயினர். செஞ்சிலுவைச் சங்கங்களும் பிற அறநிலையங்களும் ஆகஸ்டு மாதத்தில் ஜினீவாவில் கூடி, நிவாரணத்திற்கு நான்சனைத் தலைமை தாங்க அழைத்தன. அவர் மாஸ்கோ சென்று உடன்படிக்கை செய்து, செப்டம்பரில் சர்வதேச சங்கத்தின் பேரவை முன் வந்து நின்றார்.

அவர் கேட்டது 50 இலட்சம் பவுன் கடன். அர்ஜெண்டினாவில் சோளத்தை எரிபொருளாக எரிக்கின்றனர் என்றும், அமெரிக்காவில் கோதுமை வாங்குவாரின்றிக் கிடக்கின்றதென்றும், கப்பல்கள் வேலையின்றி நிற்கின்றன என்றும், இடையில் பல கோடி மக்கள் சாவதா என்றும் அவர் எடுத்துக் கூறினார். குளிர்காலம் வந்து ஆறுகள் உறையுமுன் தானியம் போய்ச் சேர வேண்டும் என்று மன்றாடினார். அரசுகளோ, உதவி செய்தால் சோவியத் ஆட்சி வலுப்பெறும் என்று அஞ்சின. அவ்வாட்சிக்குத் துணை செய்வதினும் மக்கள் மடிவது மேல் என்ற கருத்துப்பட ஒரு நாட்டுப் பிரதிநிதி பேசவும் துணிந்தார். பேரவை கைதட்டியது, பணம் தரவில்லை.

இவ்விடத்தில் நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். பசித்தவன் எந்தக் கொள்கையினரின் ஆட்சியில் வாழ்கின்றான் என்று பார்த்த பின்னரே அவனுக்குச் சோறு இடுவது என்பது, அவன் எந்தக் குலத்தான் என்று கேட்ட பின்னரே தண்ணீர் வார்ப்பதற்கு நிகரானதன்றோ? ஜினீவாவில் அன்று அமர்ந்திருந்தோர் கற்றோர், நாகரிகம் மிக்கோர், சமாதானத்தை நிலைநாட்டக் கூடியோர். ஆயினும் அவர்கள் அக்கேள்வியையே கேட்டனர்.

நான்சன் சோர்ந்து வீடு திரும்பவில்லை. அரசுகள் மறுத்ததைப் பொதுமக்களிடம் கேட்கப் புறப்பட்டார். அவ்வாண்டின் இறுதியில் தாமே வோல்காப் பகுதிக்குச் சென்று, சமாராவிலும் புசுலுக்கிலும் மாண்டோரையும் மாள்வோரையும் கண்டார். அங்கே எடுத்த நிழற்படங்களுடன் நகரந்தோறும் சொற்பொழிவாற்றிப் பொருள் திரட்டினார். போல்ஷ்விக்குகளின் கைப்பாவை என்று ஏடுகள் சில அவரைத் தூற்றின. அவர் தம் வேலையைப் பார்த்தார். குவேக்கர் சங்கத்தாரும், குழந்தைகள் பாதுகாப்பு நிதியினரும், இன்னும் பல அறநிலையத்தாரும் வோல்காக் கரையில் அடுப்பு மூட்டினர்.

உண்மையை மறைத்தல் தகாது. பஞ்ச நிவாரணத்தின் பெரும்பகுதியைச் செய்தது ஹூவரின் தலைமையில் இயங்கிய அமெரிக்க நிவாரண அமைப்பே. 1922-ஆம் ஆண்டுக் கோடையில் அது நாள்தோறும் ஒரு கோடிக்கு மேற்பட்டோருக்கு உணவளித்தது. நான்சனின் அமைப்பு ஊட்டியோர் அதனினும் மிகக் குறைவு. இத்தனை முயற்சியும் நடந்த பின்னரும் ஏறத்தாழ 50 இலட்சம் மக்கள் மாண்டனர். அவர்களுள் எத்துணைப் பேர் அந்த 50 இலட்சம் பவுனால் பிழைத்திருப்பர் என்று கணக்கிட எவராலும் இயலாது.

ஒரு தாள் காகிதம்

பஞ்சப் பணியோடு மற்றொரு பணியும் அவர் தோளில் ஏறியிருந்தது. புரட்சியாலும் உள்நாட்டுப் போராலும் ருசியாவை விட்டோடியவர்கள் பத்து இலட்சத்திற்கு மேற்பட்டோர். 1921-ஆம் ஆண்டு செப்டம்பரில் சர்வதேச சங்கம் நான்சனை அகதிகளின் உயர் ஆணையராக நியமித்தது. அவ்வாண்டு டிசம்பரில் சோவியத் அரசு, வெளியேறியவர்களின் குடியுரிமையைப் பறித்தது. ஒரே ஆணையால் அவர்கள் நாடற்றோர் ஆயினர். கடவுச்சீட்டு இன்றி வேறு நாட்டுக்குச் செல்ல இயலாது. செல்லாமல் வேலை தேட இயலாது. இருக்கும் இடத்திலோ இருக்கவும் உரிமை இல்லை.

1922-ஆம் ஆண்டு ஜூலையில் ஜினீவாவில் கூடிய மாநாட்டில் நான்சன் இதற்கு ஒரு வழி காட்டினார். அகதிக்கு அவன் தங்கியிருக்கும் நாட்டரசே ஓர் அடையாளச் சீட்டு வழங்குவது; அச்சீட்டைப் பிற அரசுகளும் மதிப்பது. அவ்வளவே. அதற்கு நான்சன் கடவுச்சீட்டு என்று பெயர் வழங்கலாயிற்று. தொடக்கத்தில் அது குறைபாடுடையதாகவே இருந்தது. அதைக் கொண்டு வெளியே சென்றவன், வழங்கிய நாட்டுக்குத் திரும்பி வரும் உரிமை பெறவில்லை. 1926-இல் செய்த ஏற்பாட்டினால் இக்குறை ஓரளவு தீர்ந்தது. அவ்வாண்டு முதல், சீட்டில் ஒட்டும் ஐந்து பொன் பிராங்கு முத்திரையால் வந்த பணம் ஏழை அகதிகளின் உதவிக்குப் பயன்பட்டது.

காலப்போக்கில் ஐம்பதுக்கு மேற்பட்ட அரசுகள் அச்சீட்டை ஏற்றன. 1924-இல் அது ஆர்மீனிய அகதிகளுக்கும் விரிந்தது. ஏறத்தாழ நான்கரை இலட்சம் சீட்டுகள் வழங்கப்பட்டன. இசைமேதை ஸ்டிராவின்ஸ்கி, ஓவியர் ஷகால் போன்றோரும் அதைக் கையில் ஏந்தியவர்களே. ஆனால் பெயர் அறியப்படாத தையற்காரரும் சுரங்கத் தொழிலாளரும் வண்டியோட்டிகளும் அதனால் பெற்ற வாழ்வையே நாம் பெரிதாக மதிக்கின்றோம்.

புகழும் குறையும்

1922-ஆம் ஆண்டின் நோபல் சமாதானப் பரிசு நான்சனுக்கு வழங்கப்பட்டது. பரிசுப் பணத்தை அவர் நிவாரணப் பணிகளுக்கே கொடுத்துவிட்டார்.

அவ்வாண்டின் இலையுதிர் காலத்தில், கிரேக்கர்க்கும் துருக்கியர்க்கும் நடந்த போரின் முடிவில், பத்து இலட்சத்திற்கு மேற்பட்ட மக்கள் ஆசியா மைனரிலிருந்து கிரேக்க நாட்டில் வந்து குவிந்தனர். நான்சன் அங்கும் விரைந்தார். இரு நாடுகளும் சிறுபான்மை மக்களைத் தம்முள் மாற்றிக்கொள்ளும் திட்டத்தை அவர் முன்மொழிந்தார். 1923-ஆம் ஆண்டு ஜனவரி 30-ஆம் நாள் லோசானில் அது உடன்படிக்கையாயிற்று. ஏறத்தாழ 12 இலட்சம் கிறித்தவர்களும், மூன்றரை இலட்சத்திற்கு மேற்பட்ட முஸ்லிம்களும் அதன் விளைவாக இடம் மாறினர். அவர்களுட் பெரும்பாலான கிறித்தவர்கள் முன்னரே ஓடி வந்தவர்கள்.

படுகொலையைத் தடுக்க வேறு வழியில்லை என்று அவர் கருதினார். ஆனால் அம்மாற்றம் கட்டாய மாற்றம். விரும்பாதவனும் போக வேண்டும். மொழி பார்க்கவில்லை, பிறந்த மண்ணைப் பார்க்கவில்லை, மதம் ஒன்றே அளவுகோல். துருக்கி மொழியன்றி வேறறியாத கிறித்தவர் கிரேக்கத்துக்கும், கிரேக்க மொழி பேசிய முஸ்லிம்கள் துருக்கிக்கும் சென்றனர். பிறப்பையும் மதத்தையும் கொண்டு ஒருவனுடைய இடத்தை அரசு தீர்மானிப்பது சரியாகுமா என்ற வினா இன்றும் எழுகின்றது. நாடற்றோர்க்கு வழி திறந்த கையே அவ்வுடன்படிக்கைக்கும் வித்திட்டது என்பதை நாம் கூறாது விடின், இவ்வரலாறு முழுமையாகாது. பெரியோரைப் போற்றுவது வேறு. அவர்தம் செயல் அனைத்தையும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்பது வேறு.

அவருடைய கடைசி ஆண்டுகளின் கவலை ஆர்மீனியர்களைப் பற்றியது. 1925-இல் அவர் ஆர்மீனியாவுக்குச் சென்று, வறண்ட நிலத்துக்கு நீர் பாய்ச்சி அகதிகளைக் குடியேற்றும் திட்டம் ஒன்றை வகுத்தார். சர்வதேச சங்கத்தின் முன் ஆண்டுதோறும் அதற்குப் பணம் கேட்டார். அரசுகள் இரக்கம் தெரிவித்தன, பணம் தெரிவிக்கவில்லை. திட்டம் கைகூடவில்லை. ஆயினும் அவர் கேட்பதை நிறுத்தவில்லை.

மறைவும் மறையாத பணியும்

1930-ஆம் ஆண்டு மே 13-ஆம் நாள், தம் இல்லத்தின் மாடத்தில் அமர்ந்திருந்தபோது நான்சன் உயிர் நீத்தார். அகவை 68. நார்வேயின் அரசியலமைப்பு நாளான மே 17-இல் அரசு மரியாதையுடன் இறுதிக்கடன் நடந்தது. உடல் எரியூட்டப்பட்டு, சாம்பல் அவ்வில்லத்து மரம் ஒன்றின் அடியில் வைக்கப்பட்டது.

அவர் பெயரால் சர்வதேச சங்கம் தொடங்கிய அகதிகள் அலுவலகம் 1931 முதல் பணியாற்றி, 1938-இல் நோபல் சமாதானப் பரிசு பெற்றது. 1951-இல் உருவான அகதிகள் உடன்படிக்கைக்கு அவருடைய ஏற்பாடுகளே முன்னோடி. ஐக்கிய நாடுகள் சபையின் அகதிகள் ஆணையம் 1954 முதல், அகதிகளுக்குத் தொண்டாற்றியோர்க்கு அவர் பெயரால் விருது வழங்கி வருகின்றது.

நான்சனுக்குப் படை இல்லை, கருவூலம் இல்லை, சட்டம் இயற்றும் அதிகாரமும் இல்லை. சபைகளின் வாசலில் நின்று, இல்லாதவர்க்காகக் கேட்பதையே அவர் தொழிலாகக் கொண்டார். பலமுறை இல்லை என்ற விடையே கிடைத்தது. இளமையில் கிரீன்லாந்தின் கிழக்குக் கரையில் இறங்கியவர்க்குத் திரும்பும் வழி இருக்கவில்லை. ஜினீவாவில் திரும்பும் வழி திறந்தே இருந்தது. கௌரவமான ஆராய்ச்சியும் அமைதியான வீடும் அவருக்காகக் காத்திருந்தன. அவற்றை விட்டு, மறுநாளும் கேட்கச் சென்றார்.

நம்முள் ஒவ்வொருவரும் நாடுகளுக்கிடையே தூது போக இயலாது. ஆனால் எழுதத் தெரியாதவனுக்கு ஒரு மனு எழுதித் தருவதும், சான்றிதழுக்கு அலையும் கைம்பெண்ணுடன் அலுவலகம் வரை சென்று உடன் நிற்பதும் தூதுப்பணியே ஆகும். ஒருமுறை மறுத்தால் மறுமுறையும் செல்லும் உறுதி அதற்கு வேண்டும். அவ்வுறுதியை நம் இளைஞர்கள் இவ்வரலாற்றிலிருந்து பெறுவார்களாக.